'ஓவர்வெல்ம்' என்ற ஆங்கில வினையைத் தப்பில்லாமல் பயன்படுத்த: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் படிப்படியாக

"ஐ ஆம் ஓவர்வெல்மிங் வித் ஒர்க்." ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லண்டனில் இருந்த கிளையன்ட்டுக்கு நான் இப்படி ஒரு வரி எழுதி அனுப்பினேன். வேலை நிறையக் கிடக்கிறது, இன்னும் இரண்டு நாள் வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. திங்கட்கிழமை காலையில் பதில் வந்திருந்தது. உங்களுக்கு உடம்பு மனசெல்லாம் சரியாக இருக்கிறதா, சிரமப்பட வேண்டாம், பாதி வேலையை வேறொருவருக்கு மாற்றிவிட்டோம் என்று ரொம்பக் கரிசனமாக எழுதியிருந்தார்கள். அந்தப் பாதி வேலை எனக்குத் திரும்ப வரவே இல்லை. அந்த வருட மதிப்பீட்டில் 'அழுத்தத்தைத் தாங்குவது கடினம்' என்று ஒரு குறிப்பும் ஏறிவிட்டது.

அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு. ஒன்று இலக்கணத் தப்பு, அதை அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. இன்னொன்று பொருள் தப்பு, என்னைப் பாதித்தது அதுதான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவன் நான். இந்த ஒரு வினையைச் சரியாகப் பிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. நீங்கள் பத்து நாளில் பிடித்துவிடலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. கையில் என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும், எத்தனை நாள்

முதலில் செலவைப் பேசிவிடுவோம், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். 'உயர்தர ஆங்கிலச் சொற்கள்' சொல்லிக்கொடுக்கிறோம் என்ற ஒரு வகுப்பில் 3,500 ரூபாய் கட்டினேன். கொடுத்தது ஐந்நூறு சொல் கொண்ட பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல். 'ஓவர்வெல்ம்' என்பதற்கு எதிரே 'மூழ்கடி' என்று இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம்கூடச் சரியாக எழுத முடியாது. இந்த மாதிரிப் பட்டியலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஓர் அகராதி: ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், லாங்மேன், கேம்பிரிட்ஜ் மூன்றில் எதுவானாலும் சரி, மூன்றுமே இணையத்தில் இலவசம், பிரிட்டிஷ் அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் அழுத்திக் கேட்கலாம். அப்புறம் ஒரு சாதாரண நோட்டு. மூன்றாவது, இதுதான் முக்கியமான ஆவணம், நீங்களே இதுவரை அனுப்பிய மெயில்கள். 'சென்ட்' பெட்டியில் இந்தச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். நான் தேடியபோது பதினொரு இடத்தில் எழுதியிருந்தேன், அதில் ஏழு தப்பு. தன்னுடைய தப்பைத் தன் வாக்கியத்திலேயே பார்ப்பதுபோல் மனசில் நிற்கிற பாடம் வேறில்லை. எழுதியதே இல்லையென்றால் கவலை வேண்டாம், பழக்கத்தை மாற்றுகிற வேலை உங்களுக்கு மிச்சம்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் சமகால அமெரிக்க ஆங்கிலத் தரவகம் இருக்கிறது, கோக்கா என்பார்கள். 1990 முதல் 2019 வரை எழுதியதும் பேசியதுமாக நூறு கோடிச் சொற்கள் அதில் கிடக்கின்றன. பதிவு செய்தால் இலவசமாகத் தேடலாம், ஒரு நாளைக்கு இத்தனை தேடல்தான் என்ற வரம்பு மட்டும் உண்டு. ஆரம்பத்தில் இது தேவையில்லை, ஐந்தாவது நாளுக்கு மேல் பாருங்கள்.

நேரம்: ஒரு நாளைக்கு இருபது நிமிடம், பத்து நாள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நான் அப்படிச் செய்து புதன்கிழமைக்குள் மறந்துபோனேன்.

2. யார் மேலே, யார் கீழே என்று முதலில் பாருங்கள்

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தது நினைவிருக்கிறதா? திருந்தினான், திருத்தினான். மூழ்கினான், மூழ்கடித்தான். திணறினான், திணறடித்தான். தமிழில் பெரும்பாலும் இரண்டும் ஜோடியாகவே கிடைக்கும், எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். 'ஓவர்வெல்ம்' என்ற வினைக்கு அந்த ஜோடி கிடையாது. அதில் இருப்பது பிறவினை மட்டும்தான். திணறடிக்கும், திணறாது.

நாம் தப்பு செய்வதற்கு மூல காரணம் இதுதான் என்பது என் முடிவு. தமிழில் நமக்கு இயல்பாக வருவது 'நான் திணறுகிறேன்', அதாவது தன்வினை. அதை அப்படியே ஆங்கிலத்தில் வைக்கும்போது 'ஐ ஓவர்வெல்ம்' என்றோ 'ஐ ஆம் ஓவர்வெல்மிங்' என்றோ வந்துவிடுகிறது. ஆங்கிலக்காரர் காதில் விழுவது 'நான் மற்றவர்களைத் திணறடிக்கிறேன்' என்பது.

ஆகவே இந்தச் சொல்லை எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி: மேலே கவிகிறது எது, கீழே அகப்படுகிறது யார்? மேலே இருப்பது வேலை, வெள்ளம், துக்கம், கூட்டம், எதிரிப் படை, அன்பு, எதுவாகவும் இருக்கலாம். கீழே இருப்பது ஆள், ஆஸ்பத்திரி, ஊர், சாக்கடை. மேலே இருப்பதை எழுவாயாக வைத்தால் வினை நேராக வரும்: 'தி ஒர்க் ஓவர்வெல்ம்ட் மீ', வேலை என்னைத் திணறடித்தது. கீழே இருப்பதை எழுவாயாக வைத்தால் செயப்பாட்டுவினைதான்: 'ஐ வாஸ் ஓவர்வெல்ம்ட்'. மூன்றாவது வழி கிடையாது.

ஆக்ஸ்போர்டு அகராதியில் இந்த வினைக்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் செயப்பாட்டில் வரும் என்று சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும். நான் வருடக்கணக்கில் அந்தக் குறிப்பைத் தாண்டித்தான் பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வினையைத் தேடினாலும் முதலில் அந்தச் சின்ன எழுத்துக் குறிப்பைப் படியுங்கள்.

3. 'ட்' எங்கே, 'இங்' எங்கே

இரண்டாவது படி புரிந்துவிட்டால் இது தானாக வரும், ஆனாலும் அவசரத்தில் கை தவறும். அதற்கு எனக்கு உதவிய ஒரு சோதனை. ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் பெயரெச்சமாக்கிப் பாருங்கள்.

'திணறிப்போன' என்று வந்தால் ஓவர்வெல்ம்ட். திணறிப்போன ஊழியர், திணறிப்போன நர்ஸ், திணறிப்போன அம்மா. 'திணறடிக்கிற' என்று வந்தால் ஓவர்வெல்மிங். திணறடிக்கிற வேலை, திணறடிக்கிற வாசனை, திணறடிக்கிற கூட்டம்.

இன்னொரு இடம் இருக்கிறது, தமிழர்களுக்கே உரிய இடம். 'எனக்கு மலைப்பாக இருக்கிறது' என்போம். அதில் 'எனக்கு' இருப்பதால் கை உடனே 'ஐ' என்று தொடங்கும், 'மலைப்பாக' இருப்பதால் 'ஓவர்வெல்மிங்' என்று முடியும். இரண்டும் ஒட்டாது. 'ஐ' என்று தொடங்கினால் 'ஐ ஆம் எ பிட் ஓவர்வெல்ம்ட்'. 'ஓவர்வெல்மிங்' வேண்டுமென்றால் 'இட் இஸ் எ பிட் ஓவர்வெல்மிங்'. 'அது மலைப்பாக இருக்கிறது' என்று மனசுக்குள் ஒரு 'அது' சேர்த்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

4. 'வித்' போடுவதா, 'பை' போடுவதா

இரண்டும் சரி. பல இடங்களில் எதைப் போட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காரணமாக நிற்கிறதற்கு 'பை' நன்றாகப் பொருந்தும்: 'ஓவர்வெல்ம்ட் பை தி நியூஸ்', செய்தியால் நிலைகுலைந்து. மேலே வந்து குவிகிறதற்கும் உள்ளே நிரம்புகிறதற்கும் 'வித்' நன்றாகப் பொருந்தும்: 'ஓவர்வெல்ம்ட் வித் கால்ஸ்', 'ஓவர்வெல்ம்ட் வித் கிராட்டிட்யூட்'. எதிரிப் படை ஒரு ஊரை வென்றது என்றால் 'பை' மட்டும்தான், அங்கே செய்கிறவர் இருக்கிறார்.

தப்பு எதில் வரும் என்றால் 'ஃப்ரம்' போடுவதில். 'ஓவர்வெல்ம்ட் ஃப்ரம் ஒர்க்' என்று எழுதாதீர்கள். 'ஆஃப்' வேண்டவே வேண்டாம்.

5. என்ன பொருளில் வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன், பத்து நாளில் நான்கு நாளை இதற்கே ஒதுக்குங்கள்.

முதல் பொருள் கொள்ளளவு. ஒரு அமைப்பு தாங்கக்கூடியதைவிட அதிகமாக வந்து விழுகிறது. இதில் உணர்ச்சி எதுவும் இல்லை. 2020இல் கொரோனா பரவியபோது ஆங்கிலச் செய்திகளில் தினமும் 'ஹாஸ்பிட்டல்ஸ் ஆர் ஓவர்வெல்ம்ட்' என்று வந்தது. ஆஸ்பத்திரிகள் அழுதுகொண்டிருந்தன என்பதல்ல, படுக்கையும் ஆட்களும் போதவில்லை என்பது. எனக்கு இந்தப் பொருள் மனசில் பதிந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். அப்போது வேளச்சேரியில் இருந்தோம். மழைநீர் வடிகால் மூடியைத் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருத் தண்ணீர் அதற்குள் போக வேண்டும், ஆனால் அந்தக் கனமான மூடி ஆடி ஆடி விளிம்பு வழியாக உள்ளேயிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு ஒரு ஆங்கிலச் செய்தியில் வடிகால்கள் 'வேர் ஓவர்வெல்ம்ட்' என்று படித்தபோது அந்த மூடிதான் கண்ணில் வந்தது. வாங்கிக்கொள்ள வேண்டியது திருப்பித் தள்ளுகிறது. அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை.

இரண்டாவது உணர்ச்சி. ஒரு உணர்ச்சி இவ்வளவு பெரிதாக வருகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. துக்கமும் இருக்கலாம், சந்தோஷமும் இருக்கலாம். தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேடாதீர்கள். துக்கம் என்றால் 'நிலைகுலைந்துபோனேன்', அன்பு என்றால் 'நெகிழ்ந்துபோனேன்', சந்தோஷம் என்றால் 'திக்குமுக்காடிப்போனேன்', புது ஊர் புது வேலை என்றால் 'மலைத்துப்போனேன்'. நான்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கும். தமிழிலிருந்து போகும்போது இது வசதி. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது, எந்த உணர்ச்சி என்று முன்பின் வரிகளைப் பார்க்காமல் மொழிபெயர்க்கக் கூடாது.

மூன்றாவது தோற்கடிப்பது. போரிலும் விளையாட்டுச் செய்தியிலும் வரும். எண்ணிக்கையாலோ பலத்தாலோ எதிரியை எழவிடாமல் அடிப்பது. இதை நீங்கள் படிப்பீர்கள், எழுத வேண்டிய தேவை அநேகமாக வராது.

நான்காவது, 'ஓவர்வெல்மிங் மெஜாரிட்டி' போன்றவை. இதற்குத் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. சிலர் இதை 'ஏகோபித்த' என்று மொழிபெயர்க்கிறார்கள். ஏகோபித்த என்றால் ஒருவர் விடாமல் எல்லாரும். ஓவர்வெல்மிங் அப்படியல்ல, எதிர்ப்பவர் இருப்பார், ஆனால் எண்ணத் தேவையில்லாத அளவுக்குக் கொஞ்சமாக. 2013இல் ஃபாக்லாந்து தீவுகளில், பிரிட்டனின் கீழேயே இருக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 1,513 பேர் சரி என்றார்கள், 3 பேர் வேண்டாம் என்றார்கள். அது ஓவர்வெல்மிங். அந்த மூன்று பேர் இருப்பதால் ஏகோபித்த அல்ல. மறுபக்கம், 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாம் என்று பிரிட்டன் முடிவெடுத்தது 51.9 சதவீத வாக்கில். முடிவு எவ்வளவு பெரியதானாலும் அந்தப் பெரும்பான்மையை ஓவர்வெல்மிங் என்று எழுத முடியாது. தமிழில் 'பெருவாரியான', 'அமோக' இரண்டும் பொருந்தும்.

இப்போது 'மூழ்கடி' என்ற அந்தப் பட்டியல் சொல்லுக்கு வருகிறேன். தமிழில் 'வேலையில் மூழ்கியிருக்கிறாள்' என்றால் என்ன? சோறு தண்ணி மறந்து ஈடுபட்டுச் செய்கிறாள், பாராட்டுதான். அதை 'ஷீ இஸ் ஓவர்வெல்ம்ட் வித் ஒர்க்' என்று எழுதினால், அவளால் சமாளிக்க முடியவில்லை என்று பொருள்படும். நேர் எதிர். நீங்கள் சொல்ல விரும்பியது 'அப்சார்ப்ட் இன்' அல்லது 'இம்மர்ஸ்ட் இன்'. அதே சமயம் 'கடனில் மூழ்கிவிட்டான்' என்றால் ஓவர்வெல்ம் சரியாக உட்காரும். ஒரே தமிழ்ச் சொல், ஒரு இடத்தில் சரி, ஒரு இடத்தில் விபத்து. ஒற்றைச் சொல் பட்டியலை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கி, பொருளுக்கு ஒரு பக்கமாக, செய்தித்தாளில் பார்க்கிற வாக்கியங்களை அப்படியே எழுதிவையுங்கள். பக்கத்துக்கு ஐந்து போதும். ஐந்தாவது வாக்கியம் எழுதும்போதே அடுத்தது எந்தப் பக்கத்துக்குப் போகும் என்று கை சொல்லிவிடும்.

6. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பாராட்டாதீர்கள்

தனியாக நிற்கும்போது இந்தச் சொல் கெட்ட பக்கம்தான் சாயும். பக்கத்தில் நல்ல சொல் இருந்தால் மட்டுமே நல்லதாகும். 'ஓவர்வெல்மிங் சப்போர்ட்', 'ஓவர்வெல்மிங் ரெஸ்பான்ஸ்', 'ஓவர்வெல்ம்ட் வித் ஜாய்', இவையெல்லாம் பத்திரம்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்து, தன் நாட்டு இனிப்பு ஒன்றைக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். என்னோடு வேலை செய்த ஒரு தம்பி, மனசாரப் பாராட்ட நினைத்து, 'தி ஸ்வீட் இஸ் ஓவர்வெல்மிங்' என்றான். அந்தம்மா முகம் ஒரு நொடி மாறியது, 'ஓ, டூ ஸ்வீட்?' என்று கேட்டார். சாப்பாடு, வாசனை, சத்தம், நிறம் இவற்றோடு சேர்ந்தால் 'தாங்க முடியாத அளவுக்கு அதிகம்' என்றே பெரும்பாலும் கேட்கும். அதே இடத்தில் 'யுவர் கைண்ட்னெஸ் இஸ் ஓவர்வெல்மிங்' என்றிருந்தால் அந்தம்மா நெகிழ்ந்திருப்பார்.

'உங்கள் மெயில்கள் ஓவர்வெல்மிங்' என்று மேலதிகாரிக்கு எழுதினால் அது புகார். நன்றி சொல்லத்தான் எழுதினீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

7. அலுவலக மெயிலில் எந்தச் சொல் போட வேண்டும்

என்னைக் கவிழ்த்தது இதுதான். 'வேலை அதிகம்' என்பதற்கும் 'என்னால் முடியவில்லை' என்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. 'ஐ ஆம் ஓவர்வெல்ம்ட்' அந்தக் கோட்டைத் தாண்டிய சொல். அது உங்கள் மேஜையைப் பற்றிப் பேசவில்லை, உங்களைப் பற்றிப் பேசுகிறது. பிரிட்டிஷ், அமெரிக்க அலுவலகங்களில் இதைப் படிக்கிறவர் 'இவருக்கு உதவி தேவை' என்றே எடுத்துக்கொள்வார். உண்மையிலேயே உங்களுக்கு உதவி தேவையென்றால் தயங்காமல் இதைத்தான் எழுத வேண்டும், அதற்குத்தான் அந்தச் சொல்.

வேலை மட்டும்தான் அதிகம் என்றால், நெருங்கிய சக ஊழியருக்கு 'ஸ்வாம்ப்ட்' எழுதுங்கள். இது மேஜையைப் பற்றிய சொல், யாரும் பதற மாட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 'ஸ்னோட் அண்டர்' என்றும் சொல்வார்கள். மெயில், போன், விண்ணப்பம் மாதிரி எண்ணக்கூடியவை வந்து கொட்டினால் 'இனண்டேட்டட் வித்', இது கொஞ்சம் முறையானது, நிறுவனம் சார்பாக எழுதும்போது பொருந்தும். கிளையன்ட்டுக்கு எழுதும்போது இவை எதுவுமே வேண்டாம் என்பது என் கருத்து. எத்தனை வேலை கையில் இருக்கிறது, எது எந்தத் தேதிக்கு முடியும் என்று எண்ணும் தேதியுமாக எழுதுங்கள். 'இந்த வாரம் மூன்று ரிப்போர்ட் கையில் இருக்கிறது, உங்களுடையது வியாழக்கிழமை வரும்' என்கிற வாக்கியத்தை எந்த நாட்டுக்காரரும் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்.

ஓர் அக்கம்பக்கத்துச் சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விழாதவர்களை நான் பார்த்ததில்லை. 'ஓவர்கம்'. 'ஐ ஓவர்கேம் தி ப்ராப்ளம்' என்றால் நான் ஜெயித்தேன். 'ஐ வாஸ் ஓவர்கம்' என்றால் நான் தோற்றேன், உணர்ச்சி என்னை ஆட்கொண்டுவிட்டது. 'ஐ ஓவர்வெல்ம்ட் மை ப்ராப்ளம்ஸ்' என்று எழுதுகிறவர்கள் சொல்ல நினைப்பது 'ஓவர்கேம்' என்பதைத்தான்.

8. வாயில் வருவது

நாம் சொல்லும்போது இது 'ஓவர்வெல்லம்' ஆகிவிடுகிறது. பிலிம் மாதிரியே. 'ல்' முடிந்து 'ம்' வருவதற்குள் நம் நாக்கு நடுவில் ஒரு உயிரெழுத்தை வைத்துவிடுகிறது, தமிழில் அந்த இரண்டும் சொல்லின் கடைசியில் சேர்ந்து நிற்பதில்லை, அதனால் இது யாருடைய குறையும் அல்ல. பழகுவது எளிது. 'வெல்' என்று சொல்லி, நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் அப்படியே வைத்திருங்கள், எடுக்காமல் உதட்டை மட்டும் மூடுங்கள். நாக்கை எடுத்தால் வெல்லம் வந்துவிடும். கண்ணாடி முன் நின்று ஒரு நாளைக்கு இருபது தடவை, மூன்று நாள் போதும்.

அழுத்தம் கடைசி அசையில், 'வெல்ம்' மேல். இறந்தகாலத்தில் அசை கூடாது, 'வெல்மெட்' இல்லை, 'வெல்ம்ட்'. எழுதும்போது டபிள்யூவுக்குப் பிறகு ஒரு ஹெச் உண்டு, காதில் கேட்காது, அதனால் எழுத மறந்துவிடுகிறோம். இரண்டு சொல்லாகப் பிரித்தும் எழுதாதீர்கள்.

9. ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறவர்கள் மட்டும்

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கிற ஆங்கிலத் தேர்வு இது, மற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். தேர்வுக் கட்டணம் இந்தியாவில் 15,000 ரூபாய்க்கு மேல் போகிறது, பதிவு செய்யவும் தேர்வு நாளில் உள்ளே விடவும் பாஸ்போர்ட் வேண்டும், அன்றைக்கு நகல் செல்லாது, அசலைக் கொண்டு போக வேண்டும். மதிப்பெண் இரண்டு வருடத்துக்கு ஏற்கப்படும். இவ்வளவு பணமும் அலைச்சலும் இருப்பதால்தான் ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டு இழக்கக் கூடாது என்கிறேன். எழுத்துத் தேர்வு அறுபது நிமிடம், இரண்டு பணி. மதிப்பிடும் நான்கு அளவுகளில் ஒன்று சொல்வளம். சொல்வளம் என்றால் பெரிய சொல் போடுவது என்று பல பயிற்சி மையங்களில் சொல்லித்தருகிறார்கள், அது அப்படியல்ல, பொருந்துகிற சொல்லைப் பொருந்துகிற இடத்தில் போடுவது.

முதல் பணியில் வரைபடம் வந்து, ஒரு பங்கு 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 'தி ஓவர்வெல்மிங் மெஜாரிட்டி' எழுதலாம். 60 சதவீதத்துக்கு எழுதாதீர்கள், அங்கே 'எ மெஜாரிட்டி' போதும். கட்டுரை முழுவதிலும் இந்தச் சொல் ஒரு தடவைக்கு மேல் வர வேண்டாம். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புதிதாக இதைப் பழக ஆரம்பிக்கவும் வேண்டாம், குறைந்தது மூன்று வாரம் முன்னால் தொடங்குங்கள். கையில் பழகாத சொல் பரீட்சை அறையில் தப்பாகத்தான் வரும்.

10. தப்பாக அனுப்பிவிட்டீர்கள் என்றால்

அனுப்பிய அன்றைக்கே கண்ணில் பட்டால் அன்றைக்கே இன்னொரு மெயில் போடுங்கள், மறுநாள் ஆகவிடாதீர்கள். நீளமாக விளக்க வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நான் சொல்ல வந்தது இந்த வாரம் வேலை நெருக்கடி என்பதுதான், வேலையை என்னால் முடிக்க முடியும், இன்ன தேதிக்குத் தந்துவிடுகிறேன், இவ்வளவே போதும். நான் செய்யாதது இதைத்தான். திங்கட்கிழமை அந்தப் பதிலைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு, 'தேங்க்ஸ்' என்று ஒரு சொல் மட்டும் எழுதி அனுப்பினேன், அவர்கள் நினைத்தது சரிதான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பேசுகிற வசதி இருந்தால் பத்து நிமிடம் போனில் பேசிவிடுவது மெயிலைவிட நல்லது, குரலைக் கேட்டாலே நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். மதிப்பீட்டுக் காலம் நெருங்கியிருந்தால் உங்கள் மேலாளருக்கும் அந்த இரண்டு மெயிலையும் சேர்த்து அனுப்பி வையுங்கள், பிறகு கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.